நண்டு துளைத்த வரப்பு

செம்மேடு, ஈஸ்வர வருடம் ஐப்பசி 25

கண்ணு மாணிக்கத்துக்கு உன் அப்பன் அர்த்தனாரி எழுதுவது. அறப்பளியான் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அம்மாவும் நலம், அங்கே குடகில் உனக்குக் காய்ச்சல் விட்டதா என்பதை முதலில் தெரிவி.

மழை ஆளை வாசல் தாண்ட விடவில்லை, முள்ளுக்குறிச்சிப் பாதையும் இடிந்து கிடந்தது, அதனால்தான் கடிதம் தாமதம். வடிகாலில் பாறை உருண்டு அடைத்து நம் மேல்வயல் நெல் முழுதும் மூழ்கிவிட்டது. வரப்பை வெட்டியிருந்தால் தண்ணீர் கீழ்வயலில் இறங்கி ஒரே பகலில் வடிந்திருக்கும். கீழ்வயல்காரன் ஒப்பாமல் வெட்டுவது நம் ஊர் வழக்கமில்லையே, கீழ்வயலில் சின்னராசு அப்போதுதான் நட்டிருந்தான், நாற்று வேர் பிடிக்கட்டுமுங்க என்று ஊர் முன்னால் கேட்டான், நானும் பெரிய மனுசனாட்டம், நீ சொல்லும்வரை வெட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். தினமும் தண்ணீரில் கையை விட்டுத் தண்டைக் கிள்ளிப் பார்ப்பேன், ஏழாம் நாள்வரை கெட்டியாகவே இருந்தது. நெல் லேசில் சாகாது, வளராமல் மூச்சடக்கிக் கிடந்து, தண்ணீர் வடிந்ததும் புதுக் குருத்து விடும் என்று உன் அம்மாவிடம் பெருமையடித்தேன். அவள், "உசுரோடதான் கெடக்குதுங்க, ஆனா எத்தன நாளைக்குங்க?" என்றாள். எனக்குக் கோபம் வந்து, கொடுத்த வாக்கை மென்று தின்பதா என்று சத்தம் போட்டேன். பதினாலாம் நாள் சின்னராசு சரி என்றான், வெட்டினேன். தொட்ட தூரெல்லாம் கூழாகிக் கையோடு வந்து நாறியது. வடக்கு மூலை மேட்டில் மட்டும் நண்டு வரப்பைத் துளைத்துத் தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அங்கே ஒரு பாய் அகலத்துக்குப் பயிர் பச்சையாக நிற்கிறது. நண்டு யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை பார்.

அன்று ராத்திரி உன் அம்மா சாமைச் சோற்றை வைத்துவிட்டு, "பையன் போயி எத்தன மாசமாச்சுங்க?" என்று மட்டும் கேட்டாள். சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன் கண்ணு. என் மகன் இரண்டு வருடம் காப்பித் தோட்டத்தை விட்டு நகரமாட்டான் என்று, உன்னை வேலைக்குக் கூட்டிப்போன செல்லமுத்து மேஸ்திரிக்கு வாக்குக் கொடுத்தவன் நான், நீ அல்ல. காய்ச்சல் தாங்கவில்லை, வாரேன் என்று நீ மூன்று தரம் எழுதியும் பொறு பொறு என்று பதில் போட்டவனும் நானே. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நீ புறப்பட்டு வா. மேஸ்திரிக்குப் பதில் சொல்ல நான் இருக்கிறேன். தோட்டத்து வாசலில் காவல் என்று எழுதியிருந்தாய், வேறு வழி உனக்குத் தெரியாமலா இருக்கும். இதைத் தபாலில் போடவில்லை, அங்கே வரும் காளியண்ணன் கையில் தருகிறேன், படித்ததும் அடுப்பில் போடு.

அறப்பளியான் உன்னை முழு ஆளாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வழியில் பச்சைத் தண்ணீர் குடிக்காதே. தைப் பொங்கலுக்குள் நீ வந்துவிடுவாய் என்று உன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதைக் காப்பாற்ற என்னால் ஆகாது, உன்னால்தான் ஆகும்.

உன் வரவுக்கு மலையடிக்கு இறங்கிவந்து காத்து நிற்கும்
அப்பன் அர்த்தனாரி