இருநூறா, முன்னூறா

டிசம்பர் 13, 2025, சனி

இன்று முதல் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன், எனக்கு வெட்கமானதையும் சேர்த்து. அடித்தல் திருத்தல் இருக்கலாம். பொய் இருக்காது.

முதல் உண்மை: போன ஜனவரியில் ராதாபுரம் மண்தடப் பந்தயத்தில் சித்ரலேகா அக்கா பைக் ஓட்டினாள் என்பதற்கு ஒரு படம்கூட இல்லை. பந்தயம் நடத்தும் கழகத்தின் இணையப் பக்கத்தில் இருபத்துமூன்று பேர் படம் இருக்கிறது. அக்காவின் எண் 27. அதற்கு நேராகச் சாம்பல் நிறத்தில் வெறும் கட்டம். பெண்கள் பந்தலில் உட்கார்ந்து கேமராவோடு வந்த சின்ன லென்ஸில் நானும் எடுத்தேன். அக்கா மிளகு அளவுக்கு விழுந்திருந்தாள். கழகச் செயலாளர் மகேஸ்வரன் சாரிடம் கேட்டபோது, "உங்கக்கா வாரப்பல்லாம் எங்க ஆளு பேட்டரி மாத்திக்கிட்டு இருந்தான்மா" என்றார்.

ஆறு சுற்றும் பேட்டரியா மாற்றினார்?

வருகிற ஜனவரி 11 பந்தயத்தில் அந்தக் கட்டத்தை நான் நிரப்புவேன்.

டிசம்பர் 16

அரையாண்டுத் தேர்வு. கணக்கு. அதைப் பற்றி உண்மையாக எழுத இன்று தெம்பில்லை.

டிசம்பர் 20, சனி

நூலகத்தில் எடுத்த ஆங்கிலப் புத்தகம், விளையாட்டைப் படமெடுக்க 'வேகமான லென்ஸ்' வேண்டும் என்றது. இசக்கியப்பன் அண்ணாச்சி கல்யாணப் படம் எடுப்பவர், லென்ஸ் வாடகைக்கும் விடுவார். முருகன்குறிச்சியில் அவர் ஸ்டுடியோவுக்குப் போய் அப்படியே கேட்டேன். சிரிக்காமல் ஒரு ஐம்பது எம்.எம். லென்ஸை எடுத்துத் தந்தார். கொக்கிரகுளம் படித்துறையில் உட்கார்ந்து பாலத்தில் போகும் பைக்குகளை எடுத்துப் பார்த்தேன். பாலம் அழகாக விழுந்தது. பைக்குகளைத்தான் தேட வேண்டியிருந்தது.

திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்: "ஏட்டி, வேகம்னா வண்டி வேகம் இல்ல. இருட்டுலயும் வெளிச்சத்தச் சட்டுனு வாங்கிக்கிடும், அதான் வேகம். தூரத்துல ஓடுதத எடுக்க நீளம் வேணும்லா."

முன்னாலேயே சொல்லியிருக்கலாம். அதையும் கேட்டேன்.

"நீ புஸ்தகத்தக் கையில வச்சுக்கிட்டுக் கேட்டே. நான் என்னத்தச் சொல்ல?"

டிசம்பர் 27, சனி

அண்ணாச்சியின் மேசைமேல் இரண்டு லென்ஸ்கள். முன்னூறு எம்.எம். வரை போவது ஒன்று: கனமில்லை, தூரத்துக்கு எட்டும், ஆனால் அந்தி சாய்ந்தால் கண் தெரியாது. இன்னொன்று இருநூறோடு நின்றுவிடும். ஆனால் கொஞ்ச வெளிச்சம் போதும் அதற்கு. நிஜமான வேக லென்ஸ். குழவிக்கல் மாதிரி ஒன்றரைக் கிலோ.

"பந்தல்ல இருந்து முன்னூறுதான் எட்டும். அத எடுத்துக்கோ. மத்தது பொம்பளப்பிள்ள கைக்குத் தாங்காது" என்றார்.

அம்மா ரேஷன் கடையிலிருந்து இருபது கிலோ அரிசியை இடுப்பில் வைத்து வருகிறாள். அவள் என்ன பிள்ளையாம்?

டிசம்பர் 28

மர்வாவிடம் தடத்தை வரைந்து காட்டினேன். என் வகுப்புத்தான், பந்தயத்துக்கும் கூட வருகிறாள். வண்டிகள் சாய்ந்து திரும்பும் வளைவு ஒரு கோடியில். பெண்கள் பந்தல் மறுகோடியில். அக்காவின் பந்தயம் மாலை ஐந்தே முக்காலுக்கு.

"முன்னூறு எடுத்தா இருட்டிரும். இருநூறு எடுத்தா எட்டாது. நடுவுல ஒண்ணு கிடையாதா?" என்றாள்.

எட்டாது — எங்கிருந்து எட்டாது? பந்தலிலிருந்து. நான் பந்தலில் உட்காருவேன் என்று யார் சொன்னது? எல்லாரும். டிக்கெட்டைத் தவிர. அதில் 'பொது காலரி' என்றுதான் அச்சடித்திருக்கிறது. காலரியின் பலகைப் படிகள் வளைவை ஒட்டியே இருக்கின்றன.

முன்னூறை எடுத்தால் அந்தப் பந்தலை நான் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். இருநூறுதான்.

ஜனவரி 4, ஞாயிறு

படித்துறையில் பயிற்சி. வண்டியோடு இடுப்பும் திரும்ப வேண்டும் என்கிறார் அண்ணாச்சி. கை வலிக்கிறது. தாங்குகிறது.

ஜனவரி 12, திங்கள்

நேற்று.

பந்தயம் அரை மணி தாமதமானதால் கம்பங்களில் மங்கலான விளக்குகளைப் போட்டிருந்தார்கள். காலரியில் பெண்கள் நாங்கள் இருவர்தான். மகேஸ்வரன் சார் படியேறி வந்தார். "ஏம்மா, லேடீஸ் பந்தல் அங்கன இருக்கு. இங்கன மண்ணு தெறிக்கும்."

"டிக்கெட்டுல அப்படிப் போடலியே சார்."

"எல்லாமா டிக்கெட்டுல போடுவாங்க? நாமளா பாத்து நடந்துக்கிடணும்."

"மண்ணு தெறிச்சா தொடச்சுக்கிடுதோம்" என்றாள் மர்வா.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "விடும்வே. அந்தப் பிள்ள கையில இருக்கது பீரங்கில்லா." எல்லாரும் சிரித்தார்கள். சார் இறங்கிப் போனார். அதற்குள் அக்கா வளைவில் இரண்டு பேரை முந்திவிட்டாள். நான் பார்க்கவே இல்லை.

ஐந்தாவது சுற்றில் அதே வளைவில் விழுந்தாள். வண்டி காலின்மேல். நான் கத்தவில்லை. படம் எடுத்தேன் — விரல் தானாக அழுத்தியது. நான் எப்படிப்பட்ட தங்கச்சி? தெரியவில்லை. எழுதி வைக்கிறேன்.

கொடிக்காரர் வெளியே வரச் சொல்லிக் கைகாட்டினார். அக்கா ஹெல்மெட்டோடு தலையை ஆட்டி மறுத்துவிட்டு வண்டியை நிமிர்த்தினாள். ஜெயித்தவர்கள் வந்து சேர்ந்தார்கள், பட்டாசு வெடித்தது, கூட்டம் இறங்க ஆரம்பித்தது. அவளுக்கு இன்னும் ஒரு சுற்று பாக்கி. விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"அக்கா ஓட்டிக்கிட்டு இருக்கா! போடுங்க!" என்று மர்வா கத்தினாள். யாரும் போடவில்லை.

மேற்கே பனைகளுக்குப் பின்னால் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. லென்ஸின் கண்ணை முழுவதும் திறந்தேன். வண்டிச் சத்தம் வந்தது. இடுப்பைத் திருப்பினேன்.

நானூறு படங்களில் அந்த ஒன்றுதான் படம். கொஞ்சம் மணல் தூவினாற்போல இருக்கிறது. ஆனால் 27 தெளிவாகத் தெரிகிறது.

ஜனவரி 14, போகி

அக்காவுக்குக் கணுக்கால் வீக்கம். படத்தை நேற்றே கழகத்துக்கு அனுப்பினோம். மகேஸ்வரன் சார் குரல் செய்தி: "படம் நல்லாத்தாம்மா இருக்கு. லைட்டு எரியுதப்போ எடுத்தது இருந்தா அனுப்பு. இது கழகத்துக்கு ஒரு மாதிரி இருக்கு."

அக்காவைப் பார்த்தேன்.

"விழுந்தது லைட்டுல. முடிச்சது இருட்டுல. ரெண்டயும் அனுப்புட்டி."

கீழே போட ஒரு வரியும் எழுதி அனுப்பினேன். அதற்குள் மர்வா, அக்கா இருட்டில் முடித்த படத்தை ஊர் முழுக்க அனுப்பியிருந்தாள். சாயங்காலம் கழகப் பக்கத்தைத் திறந்தேன். சாம்பல் கட்டத்தில் அக்கா, இருட்டில் வருகிறாள். என் வரியில் ஒரு சொல்லும் மாற்றவில்லை:

எண் 27, சித்ரலேகா. கடைசிச் சுற்று, மாலை 6.27. விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.