பலகைக்கும் சுவருக்கும் இடையில்

அன்புள்ள டீச்சர்,

இன்று காலை ஹட்டன் பஜாரில் ஒரு பழைய கடையை இடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாளாக விடாத மழை. உடைந்த செங்கலிலிருந்து கிளம்பிய ஈரச் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியதும், ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு அப்படியே நின்றேன். பொகவந்தலாவையில் நாம் இருவரும் இருந்த வீட்டின் வாடை அது. நீங்கள் போய் ஒரு வருடமாகிறது. எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்டதை வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தோட்டப் பாடசாலைக்கு நியமனம் பெற்று நான் வந்தபோது, என்னிடம் இருந்தது ஒரே ஒரு பை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடு ஷெல் விழுந்து எரிந்துபோயிருந்தது. அம்மா கொழும்பில் ஒரு உறவுக்காரர் வீட்டில் ஒண்டியிருந்தார். தம்பி இயக்கத்துக்குப் போய்விட்டான். இந்தக் கடைசி விஷயத்தை நான் உங்களிடம் சொல்லவில்லை. எவரிடமும் சொல்லவில்லை.

நீங்கள் அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, அந்தப் பாடசாலையிலேயே படித்து, அங்கேயே படிப்பிக்க வந்தவர். என்னைவிட ஒரு வயதுதான் கூட. வெள்ளைத் துரைமார் காலத்தில் கிளாக்கருக்கென்று கட்டிய செங்கல் வீடு சும்மா கிடந்ததால், அதை நம் இருவருக்கும் கொடுத்தார்கள். பார்வைக்கு அழகான வீடுதான். ஆனால் மழைக்காலம் பிறந்ததும் வெளிச்சுவர்கள் உள்ளே வியர்க்கத் தொடங்கின. நடுவில் இடைவெளி எதுவும் விடாமல் கட்டிய திண்ணிய சுவர். வெளியே அடித்த மழையைக் குடித்துவிட்டு உள்ளே கக்கியது. என் சேலைகளில் பச்சைப் பூஞ்சணம். வாய்ப்பாட்டுப் புத்தகங்கள் வீங்கிப் பிளந்தன. ஆனி மாதம் முடியுமுன்னே மூச்சிழுப்பு வந்து டிக்கோயா ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்தேன்.

திரும்பி வந்தபோது முன்னறையில் தேயிலைப் பெட்டிப் பலகைகள் அடுக்கியிருந்தன. பெக்டரியில் காகிதச் சாக்கு வந்துவிட்டதால் பழைய பெட்டிகள் ஸ்டோரில் கிடப்பதைத் தோட்டத் துரையிடம் கேட்டு வாங்கியிருந்தீர்கள். உங்கள் அப்பா அந்தப் பெட்டிகளை அடித்தவர் என்பதால் சுத்தியல் உங்களுக்குப் புதிதில்லை. பலகையை நேரே சுவரில் அடித்துவிடலாமே என்று நான் சொன்னதற்கு, நீங்கள் வாயில் ஆணியை வைத்துக்கொண்டே தலையாட்டினீர்கள்.

"ஒட்டி அடிச்சா பலகையும் ஊறும், நீங்களும் ஊறுவீங்க டீச்சர். ரெண்டு வெரக்கட இடம் விடணும்."

முதலில் சுவரில் செங்குத்தாக மரச்சட்டங்கள். அவற்றின் மேல் பலகைகள். சுவரின் ஈரம் காற்றில் காய்வதற்காக அடியிலும் மேலேயும் துவாரங்கள். மழை அடிக்கிற மூன்று வெளிச்சுவர்களையும் மூடி முடிக்க நான்கு சனி ஞாயிறு ஆயின. நான் பிடித்தேன், நீங்கள் அடித்தீர்கள். அந்த அறையில் இருமாமல் தூங்கிய முதல் இரவுக்குப் பிறகு, விடிந்தது தெரியாமல் கிடந்த என்னை நீங்கள்தான் பெல் அடிக்கும் நேரத்துக்கு எழுப்பினீர்கள்.

அந்த இரண்டு விரல் இடத்தில்தான் நான் தம்பியின் கடிதங்களை வைத்தேன். யார் யாரோ கைமாற்றி வந்த நான்கு கடிதங்கள். கூடவே ஒரு படம். எரிந்த வீட்டில் எல்லாப் படங்களும் போனபின் அவன் முகம் மிஞ்சியிருந்தது அது ஒன்றில்தான். பொலித்தீன் பையில் சுற்றி, நூலில் கட்டி, என் கட்டில் மூலையிலிருந்து மூன்றாவது பலகைக்குப் பின்னால் மேல் துவாரத்தின் வழியே இறக்கி, நூலைச் சட்டத்து ஆணியில் முடிந்தேன். நீங்கள் அன்று தொழிலாளர் லயத்தில் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தீர்கள்.

ஒரு சனிக்கிழமை முற்பகல் பொலிஸ் ஜீப் வந்தது. ஒரு இன்ஸ்பெக்டரும் இரண்டு பொலிஸ்காரர்களும். வீட்டுச் சுவருக்குள் ஒளிப்பிடம் செய்திருக்கிறார்கள், யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் என் அடையாள அட்டையை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு கையிலிருந்த பொல்லுத் தடியால் சுவரைத் தட்டினார். பொள் என்று சத்தம் வந்தது. அடுத்த பலகை, அதற்கடுத்தது. எங்கே தட்டினாலும் பொள்.

உள்ளே என்ன என்று சிங்களத்தில் கேட்டார். காற்று என்றீர்கள். அவர் சிரிக்கவில்லை. கழற்று என்றார்.

நீங்கள் சுத்தியலை எடுத்து வந்தீர்கள். எந்தப் பக்கத்திலிருந்து என்று அவரிடமே கேட்டீர்கள். அவர் என் கட்டிலைக் காட்டினார்.

டீச்சர், அந்த ஒவ்வொரு ஆணியும் கழன்ற சத்தம் இன்னும் என் பல்லில் இருக்கிறது. முதல் பலகை வந்தது. பின்னால் கறுத்த செங்கல், உப்புப் பூத்த சுண்ணாம்பு. பொலிஸ்காரர் ஒருவர் டோர்ச் அடித்துப் பார்த்தார். இரண்டாவது வந்தது. நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போதே சொல்லிவிட்டால் உங்களையாவது விட்டுவிடுவார்களா என்று நினைத்தேன். வாய் திறக்கவில்லை. மூன்றாவது பலகையின் மேல் ஆணியில் நீங்கள் சுத்தியலைக் கொடுத்தபோது என் பக்கம் திரும்பவே இல்லை.

பலகை கழன்றது. பின்னால் ஒன்றுமில்லை. பை இல்லை, நூல்கூட இல்லை.

மேலும் நான்கு பலகைகளைக் கழற்றச் சொன்னார். பிறகு இன்ஸ்பெக்டர் தானே கையை நீட்டிச் சுவரைத் தடவினார். உள்ளங்கை நனைந்து வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சற்று நின்றுவிட்டு, இப்படிச் செய்தால் உண்மையிலேயே குளிர் குறைகிறதா என்று உங்களிடம் கேட்டார். அவருடைய குவாட்டர்ஸிலும் இதே ஈரமாம். நீங்கள் சட்டம் எப்படி அடிப்பது, துவாரம் எங்கே விடுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். குரல் கொஞ்சமும் ஆடவில்லை. அடையாள அட்டையைத் திருப்பித் தந்தார். ஒவ்வொரு திங்களும் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஜீப் சத்தம் ஓய்ந்தது. பிறகு நீங்கள் முதல் பலகையைத் தூக்கினீர்கள். நான் பிடிக்க வரவில்லை.

"அது எங்க?" என்றேன்.

"ரெண்டு வாரமாச்சு டீச்சர். மேல் ஓட்டையில காத்து விசிலடிக்குதேன்னு பாத்தேன், நூலு தெரிஞ்சிச்சு. அடுப்புல போட்டுட்டேன்."

"படத்தையுமோ?"

"படத்தையுந்தான்."

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே நீங்கள்."

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

கொடுத்திருக்க மாட்டேன். அது எனக்கும் தெரியும். தெரிந்தும், என்னைக் காப்பாற்றிய உங்களை அந்த நிமிடம் நான் வெறுத்தேன். அவர்கள் பையை எடுத்திருந்தால் நம் இருவரையும் ஜீப்பில் ஏற்றியிருப்பார்கள். உங்கள் அப்பா அம்மாவையும் லயத்திலிருந்து இழுத்திருப்பார்கள். அதெல்லாம் புத்திக்குப் புரிந்தது. ஆனால் அந்த அடுப்பில்தான் நாம் தினமும் தேத்தண்ணி கொதிக்க வைத்தோம். அதன் முன்னால் என்னால் உட்கார முடியவில்லை. அந்தப் பாடசாலைத் தவணை முழுவதும் தேவைக்கு மட்டும் பேசினேன். பிறகு இடமாற்றம் கேட்டு ஹட்டனுக்கு வந்துவிட்டேன். நீங்கள் பஸ் நிறுத்தம்வரை என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து வருடத்துக்கு மேல் உங்களைப் பார்க்கவில்லை. நடுவில் தீபாவளிக்கு நீங்கள் போட்ட வாழ்த்து அட்டைகளில் இரண்டுக்குத்தான் பதில் எழுதினேன். அம்மா சாகும்போது தம்பியின் படம் ஒன்று கேட்டார். என்னிடம் இல்லை. போர் முடிந்து, முகாம்களிலிருந்து வந்த பெயர்ப் பட்டியல்களில் அவன் பெயரைத் தேடி, கிடைக்காமல், கடைசியில் தேடுவதையும் விட்ட நாட்களில்தான் உங்களுக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டேன்.

பார்க்க வந்தேன். நீங்கள் பாதியாக இருந்தீர்கள். நான் வந்ததற்கு நீங்கள் ஆச்சரியப்படவில்லை. தம்பியைப் பற்றிக் கேட்டீர்கள். சொன்னேன். பிறகு யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொன்னேன். அவன் முகம் எனக்கு நினைவில் நிற்பதில்லை. கண்ணை மூடினால் சின்ன வயதில் ஓடுகிற முதுகுதான் வருகிறது.

நீங்கள் தலையணையில் சற்று நிமிர்ந்தீர்கள்.

"எரிக்கிறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன் டீச்சர். நீங்க என்னைக்காவது வந்து கேப்பீங்கன்னு."

பிறகு சொல்லத் தொடங்கினீர்கள். இடது புருவத்தில் நடுவில் ஒரு வெட்டு. காது கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கும். மீசை முளைத்தும் முளைக்காமலும். சட்டைக் கொலர் ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது. சிரிக்கச் சொல்லியிருப்பார்கள் போல, உதடு சிரித்தது, கண் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்தி, மூச்சு வாங்கிச் சொன்னீர்கள். புருவத்து வெட்டு கிணற்றடியில் விழுந்து வந்தது. அதை நானே மறந்திருந்தேன். கட்டில் விளிம்பில் தலையை வைத்து அழுதேன். உங்கள் கை என் தலையில் கனமில்லாமல் கிடந்தது. மன்னிப்பு என்ற சொல்லை நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் திரும்பிய ஒன்பதாம் நாள், நீங்கள் போய்விட்டீர்கள் என்று தகவல் வந்தது.

அம்மாவின் திவசத்தன்று அவருக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான் இப்போது விளக்கு வைக்கிறேன். தம்பி இருக்கிறானா இல்லையா என்று தெரியாததால் அவனுக்கு வைப்பதில்லை. அவனை நினைக்க வேண்டும்போல் இருந்தால் கண்ணை மூடி, நீங்கள் சொன்ன வரிசையிலேயே தொடங்குகிறேன். முதலில் புருவம், பிறகு காது, பிறகு மீசை. கொலர் மடிப்புக்கு வரும்போது அவன் முழுதாக வந்துவிடுகிறான்.