ஏழரைக் காலோடு திரும்பிய நண்டு

நம் தீவின் ஷாதிபூர் வாழ் பெருமக்களுக்கு அறிவிப்பது யாதெனில்: மெயின்லேண்ட் சென்றிருந்த சிவப்புக் கம்பளி நண்டு ஒன்று இன்று காலைக் கப்பலில் ஊர் திரும்பியது. வரவேற்க யாரும் மாலையோடு போகவில்லை. நான் செருப்புகூடப் போடாமல் போயிருந்தேன்.

பக்கத்து வீட்டு மாமா பொட்டலத்தை என் கையில் வைத்தார், முகத்தைப் பார்க்கவில்லை. பிரித்தால் கப்பல் டீசல் நாற்றம். எட்டுக் காலில் ஏழு ஒழுங்கு, ஒன்று பாதியிலேயே முறுக்கிக்கொண்டது. ஆக ஏழரை. நம்மைப் பிடித்தது வேறு எதுவாக இருக்கும்?

நண்டை ஆரம்பித்தவன் நீ. கட்சால் தீவிலிருந்து இங்கே படிக்க வந்த முதல் வாரமே என் பைக்குள் உயிர் நண்டை விட்டாய். நான் பெஞ்சு மேல் ஏறி அலறியதை மூன்று வருடம் எல்லோருக்கும் நடித்துக் காட்டினாய். அதனால்தான், சென்னை ஆஸ்பத்திரியில் முடியெல்லாம் கொட்டி, ஏசி குளிர் தாங்கவில்லை என்று நீ சொன்னபோது, கம்பளியில் ஒரு நண்டு அனுப்பட்டுமா என்று போனில் கேட்டேன்.

"உங்கம்மா பின்னினா வேணாம்டா. நீ பின்னு. கேவலமா இருக்கும், பார்த்துச் சிரிச்சிட்டுக் கெடப்பேன்."

வியர்த்து வழியும் பஜாரில் கம்பளி கேட்டவனைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் தினமும் உனக்குச் செய்தி வாசித்தேன்: இன்று மூன்றாம் கால், இன்று இடது கொடுக்கு, அத்தனையும் என் கைவண்ணம். அது நடக்குமா என்று கேட்டாய். பக்கவாட்டில் நடக்கும் என்றேன்.

"அப்ப ஜல்தி நடந்து வரச் சொல்லுடா."

மெயின்லேண்டுக்கு எதை அனுப்பினாலும் கப்பலேறுகிறவர் கையில்தானே நாம் கொடுப்போம். வியாழக்கிழமை தெருக்கோடி அண்ணன் போவதாக இருந்தது. அன்று கப்பல் ரத்து என்று உன்னிடம் சொன்னேன். அடுத்த கப்பல் காற்று மழையில் பத்து நாள் துறைமுக ஜெட்டியிலேயே நின்றது. அதில்தான் மாமா கொண்டுபோனார். அவர் நடுக்கடலில் இருந்தபோது உன் அப்பா போன் செய்தார். போய்விட்ட நண்டை எப்படித் திருப்பிக் கூப்பிடுவது? மாமா வார்டு வரை போயிருக்கிறார். உன் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்களாம்.

வகுப்பில் சார் இன்னமும் நாற்காலியைத் தட்டிப் பார்த்துத்தான் உட்காருகிறார். பாவம், நான் ஒன்றுமே வைப்பதில்லை. சிரிக்க நீ இல்லாத இடத்தில் குறும்பு வெறும் கெட்ட பழக்கம்.

ஒன்று சொல்லவேண்டும். கைவண்ணம் என்று பீற்றிக்கொண்டேனே, அது அம்மாவின் கை. என் ஊசியில் கண்ணி கண்ணியாக அவிழ்ந்துகொண்டே இருந்தது. வியாழக்கிழமைக் கப்பலும் ரத்தாகவில்லை. அன்று நண்டு எட்டுக் காலோடு தயாராக இருந்தது. ஒரு காலாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று நான்தான் ஒன்றை அவிழ்த்தேன். திரும்பப் பின்னுவதற்குள் கப்பல் போய்விட்டது.

அந்த அரைக் கால் மட்டும்தான்டா நான். நீ சொன்ன மாதிரியே, கேவலமாகத்தான் இருக்கிறது.