அப்பா பார்த்த மூன்று வெள்ளிகள்

கரமனை,
திருவனந்தபுரம்,
மார்ச் 3.

அன்பு மகள் சுமிக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் இங்கே சுகமாக இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரிலும் நைட் டூட்டியிலும் உன்னைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்றுதான் சாயங்கால ஜெபத்தில் தினமும் கேட்கிறோம். இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் உன் அப்பா போனைப் பிடுங்கிக் கதையைத் தன் பக்கம் திருப்பிவிடுவார், அதனால்தான் சிப்ஸ் பார்சலோடு எழுதி அனுப்புகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்பாவுக்கு இடது கண்ணில் ஆபரேஷன் நடந்தது, நல்லபடியாக முடிந்தது, பதறாதே. உன்னிடம் மறைத்ததற்கு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்.

ஜனவரியில் ஒரு நாள், சாயங்காலம் நாலு கிரகம் வெறும் கண்ணுக்கே தெரிகிறது, எல்லாரும் மொட்டைமாடிக்கு வாருங்கள் என்று நம் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் செக்ரட்டரி அஜிதா டீச்சர் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். அப்பா கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு வந்துவிட்டார். மேற்கே ஏர்போர்ட் பக்கம் பளீரென்று வெள்ளி, அதற்குக் கீழே மங்கலாகச் சனி, உச்சியில் வியாழன், கிழக்கே சிவப்பாகச் செவ்வாய். எல்லாம் ஒரே வரிசை என்று டீச்சர் சொன்னதும் உன் அப்பாவுக்குக் கடை புத்தி வந்துவிட்டது. சாலை பஜாரில் இத்தனை வருஷமாகக் கம்பியும் பைப்பும் விற்கிறவர், இடது கண்ணை இறுக்கி மூடி வலது கண்ணால் நேர் பார்க்காமல் எதையும் கொடுக்க மாட்டார் இல்லையா, அதேபோல ஒரு நூலை வானத்துக்கு நேரே இழுத்துப் பிடித்து, கோணல் இல்லை என்று சர்டிபிகேட் கொடுத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்துவிட்டு, "டீச்சரே, கணக்கு தெத்திப்போச்சு, வெள்ளி ஒண்ணில்ல, ரெண்டு மூணு நிக்கு" என்றார். ஏரோப்ளேனாக இருக்கும் என்று எல்லாரும் சிரித்தார்கள். "ஏரோப்ளேன்னா இறங்கணும்லா, இது நின்ன இடத்துலயே நிக்கே" என்று சண்டைக்கே போய்விட்டார். டீச்சர் மட்டும் சிரிக்காமல், "சேட்டா, வலத்தே கண்ணு ஒண்ணு பொத்தி நோக்கிக்கே" என்றார். வலது கண்ணைப் பொத்தினால் வெள்ளி மூன்றாகிவிட்டது, செவ்வாயைக் காணவே இல்லை. அவர் முகம் வாடிவிட்டது. கடையில் மூடியே வைத்திருந்த கண், கெட்டுப்போனது அவருக்கே தெரியவில்லை, அந்தக் கண்ணோடுதான் தினமும் அந்தக் கிள்ளிப்பாலம் நெரிசலில் ஸ்கூட்டர் ஓட்டியிருக்கிறார்.

கண்புரை முற்றிவிட்டது, இனியும் தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். கடைக்கு ஒரு கண்ணே தாராளம் என்று உன் அப்பா ஒரே பிடிவாதம். வெளியே வீராப்பு, உள்ளுக்குள் பயம், எனக்குத் தெரியாதா. நான் ஸ்கூட்டர் சாவியை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன். பஸ்ஸில் நசுங்கிக் கடைக்குப் போய்வந்த பிறகுதான் மனிதர் வழிக்கு வந்தார்.

நேற்று சாயங்காலம் பிறையும் வெள்ளியும் அருகருகே வந்தன, மறுபடியும் எல்லாரும் மாடியில் கூடினோம். பழக்க தோஷத்தில் இடது கண்ணை மூடப் போனவரின் வலது கண்ணை நானே பொத்தினேன். "ஒண்ணுதான் ஜெயா, ஒரே ஒண்ணு!" என்று அவர் போட்ட சத்தத்தில் அடுத்த தெருவில் லைட் போட்டுவிட்டார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது, இத்தனை சந்தோஷம் உன் கல்யாணத்துக்குப் பிறகு நேற்றுதான். பிறைக்குள்ளே மிச்ச நிலாவும் சாம்பல் நிறத்தில் தெரிகிறது என்று அவர் காட்ட, அது நம் பூமியிலிருந்து போய் விழுகிற வெளிச்சம் என்றார் டீச்சர். எல்லாரும் தெரிகிறது என்றார்கள், நானும் தெரிகிறது என்று தலையாட்டினேன். சுமி மக்களே, உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்கு அந்தப் பிறையே கம்பளிப்பூச்சி மாதிரிதான் தெரிந்தது.

இந்த வாரமே நானும் கண்ணைக் காட்டப் போகிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, மேகம் விலகுகிற நாளில் கொஞ்சம் தலை நிமிர்ந்து வானத்தையும் பார். ஆண்டவர் உனக்கும் மாப்பிள்ளைக்கும் எல்லா நன்மையும் தருவார். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், நான் டாக்டரைப் பார்த்து வரும்வரை அப்பாவிடம் மூச்சு விடாதே, தெரிந்தால் டிவி ரிமோட்டைத் தூக்கி ஒளித்துவிடுவார்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா
ஜெயபாய் சத்தியநேசன்