நீ முதல்ல விடு

அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே எங்களுக்கு வங்கி டேட்டாபேஸில் வேலை. இரண்டு பரிமாற்றங்கள் ஆளுக்கொரு கணக்கைப் பூட்டிக்கொண்டு, அடுத்ததன் கணக்குக்காகக் காத்திருந்தால் இரண்டுமே நகராது. அப்போது டேட்டாபேஸ், குறைவாக வேலை முடித்ததைக் கொன்றுவிடும், அதாவது ரத்து செய்துவிடும்.

நேற்று ஆபீசில் நானும் என் அறைக் கூட்டாளியும், இல்லை, பூட்டாளியும் அப்படித்தான் மாட்டினோம். சோதனைக் கணினி என்னிடம், அதைத் திறக்கும் கார்டு அவனிடம். இருவருக்கும் இரண்டும் வேண்டும்.

"நீ முதல்ல விடுடா!"

"நீ விடு ராசா, அப்புறம் பாக்கலாம்!"

சிரித்துக்கொண்டே மதியம்வரை இழுத்தோம். மேனேஜர் வந்தார்.

"ரெண்டு பேர்ல யாருப்பா கம்மியா வேலை முடிச்சது?"

அவன் என்னைக் காட்டினான்.

கொல்லப்பட்ட பரிமாற்றத்தையாவது மறுபடி முதலிலிருந்து ஓடவிடுவார்கள். எனக்கு அது கிடையாதாம்.

மாதக் கடைசியில் வருகிறேன். அப்பாவிடம் பக்குவமாகச் சொல். என் கட்டிலைத் தங்கைக்குக் கொடுத்திருந்தால் பரவாயில்லை, ஒரு பாய் போதும். என் மேசைக்குப் புது ஆள் வந்து நிற்கிறான், எழுந்திருக்க வேண்டும்.

ரத்தான உன் மகன்