நீலம் என்று சொன்னது

செப்டம்பர் 3

ராமகிருஷ்ணன் சார் லாட்ஜில் இன்றைக்கு எட்டு அறை கூட்டினேன். மாடி ஹாலை மட்டும் கூட்ட விடவில்லை. பெங்களூரில் இருந்து படிக்கிற பிள்ளைகள் வந்து தரையெல்லாம் நாடா ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சியாம். நடந்துகொண்டே பார்த்தது மனதில் நிற்குமா, உட்கார்ந்து பார்த்தது நிற்குமா என்று சோதிக்கிறார்களாம். முகத்தில் ஒரு பெட்டியை மாட்டி நடக்க விடுகிறார்கள். ஐம்பது வயசுக்கு மேல் ஆள் வேண்டும், நீ போ வெள்ளையம்மா என்றார் சார். எனக்கு வேறு வேலை இல்லையா?

ஆனாலும் சரி என்றுவிட்டேன். என் மண்டையில் என்ன கோளாறு என்று யாராவது சொல்லட்டுமே.

செப்டம்பர் 4

பெட்டியை மாட்டினால் கண்ணுக்கு முன்னால் பந்தல் பிரித்த கல்யாண மண்டபம் மாதிரி வெறும் இடம். அதில் நாலு உருண்டை, நாலும் நாலு நிறம். பார்க்கும்போதே மறைந்துவிடுகின்றன. நாலு எட்டு நடந்ததும் ஒரு இடத்தைக் காட்டி, இங்கே இருந்தது என்ன நிறம் என்று கேட்கிறது. உட்கார்ந்து செய்தால் பரவாயில்லை. நடந்தால் போச்சு.

நந்தினி என்ற பெண்தான் எல்லாம் பார்க்கிறாள். இடது கைப்பக்கமாகச் சுற்றச் சொன்னாள். வருஷக்கணக்காக மலையை வலம் வந்த கால், இடப்பக்கம் போகுமா? வலமாகவே திரும்பிச் சுவரில் இடித்துக்கொண்டேன். "அம்மா, இது மலை இல்லம்மா, ஹாலு." அது உனக்குத் தெரியும், என் காலுக்குத் தெரியுமா என்றேன். மறுபடி முதலில் இருந்து. பெட்டியின் வாரில் சிக்கி நாலு முடி போனதுதான் மிச்சம்.

செப்டம்பர் 5

கீழ்பென்னாத்தூரில் இருந்து நாத்தனார் திரௌபதி போன். அதே பேச்சு. "எங்கண்ணன் போட்டிருந்த சட்டை கூடவா அண்ணி உங்க கண்ணுல படல?"

சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 7

பௌர்ணமி. சாயந்திரத்தில் இருந்து கிரிவலப் பாதையில் மைக். காணாமல் போனவர் பெயர், வயசு, சட்டை நிறம். ஜன்னலைச் சாத்தினாலும் கேட்கிறது.

எழுதியே விடுகிறேன். ஆனி பௌர்ணமிக்கு நானும் வீட்டுக்காரரும் திரௌபதியும் மலை சுற்றப் போனோம். நானும் அவளும் முன்னால், அவர் பின்னால். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் நடந்தேன். ஒரு தடவை திரும்பினால் ஆள் இல்லை. மைக் வைத்திருந்த இடத்தில் போலீஸ்காரர் சட்டை நிறம் கேட்டார். நீலம் என்றேன். விடிய விடிய நீலச் சட்டை போட்ட கண்ணாயிரத்தைத் தேடினார்கள். அவர் போட்டிருந்தது பச்சைக் கட்டம். மயங்கி விழுந்தவரை யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். விடியற்காலை மூன்று மணி வரை உயிர் இருந்ததாம். பக்கத்தில் நம் ஆள் ஒருத்தரும் இல்லை.

செப்டம்பர் 9

நந்தினியோடு சண்டை. 'தெரியவில்லை' என்று ஒரு பொத்தான் இருக்கிறதாம். நூற்றிருபது கேள்வியில் ஒரு தடவைகூட நான் அதை அமுக்கவில்லையாம். "தெரியலைன்னா தெரியலைனு அமுக்குங்கம்மா. குத்துமதிப்பா ஒரு நிறம் சொன்னா என் கணக்கே கெட்டுப்போவுது." இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டுத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? அஞ்சாவதோடு நின்றவள், இதுவும் தெரியாதா என்று நினைக்க மாட்டார்களா? பெட்டியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 10

போகவில்லை.

செப்டம்பர் 12

மாடிப்படி கூட்டும்போது நந்தினி டீ கொண்டுவந்து நீட்டினாள். என் மூளை கெட்டுவிட்டதா என்று நேராகவே கேட்டேன். இல்லையாம். காலேஜ் பையன்களும் நடக்கும்போது கோட்டைதான் விடுகிறார்களாம். "கால் இடறக் கூடாது, யார் மேலயும் மோதக் கூடாதுனு பாத்துக்கிட்டே போறோம் இல்லம்மா, நிறம் எங்க நிக்கும்? உங்க வயசுக்கு நீங்க ஒண்ணும் கம்மி இல்ல."

நிம்மதி வரவேண்டும் அல்லவா? எரிச்சல்தான் வந்தது. மறந்தது என் குற்றம் இல்லை. சரி. அப்போ நீலம் எங்கேர்ந்து வந்தது? மறந்துட்டேன்னு சொன்னா நாக்கு அறுந்தா போயிருக்கும்? அந்தப் போலீசு பேனாவைப் புடிச்சிக்கிட்டு நின்னாரு. பின்னாடி அத்தனை பேரு. பொண்டாட்டிக்கே தெரியலையான்னு நினைப்பாங்களேன்னு — வெக்கம். வெக்கத்துக்கு ஒரு நிறம் சொன்னேன், பாவி.

செப்டம்பர் 15

மறுபடி போனேன். தெரியவில்லைப் பொத்தானுக்கு விரலே போகமாட்டேன் என்கிறது. ஏழாவது கேள்வியில் அமுக்கினேன். இடி ஒன்றும் விழவில்லை. அப்புறம் பதினொரு தடவை அமுக்கினேன்.

இடப்பக்கம் மட்டும் கடைசிவரை சுற்றவில்லை. நந்தினி முணுமுணுத்துக்கொண்டே நாடாவைப் பிரித்து மாற்றி ஒட்டினாள்.

செப்டம்பர் 18

மதியம் திரௌபதி வந்தாள். அவித்த மல்லாட்டை ஒரு பை. உட்கார்ந்ததும் சட்டைப் பேச்சை எடுத்தாள்.

"பாக்காதது தப்பில்ல திரௌபதி. தெரியலைனு சொல்லியிருக்கணும். வெக்கப்பட்டுக்கிட்டு நீலம்னு சொன்னேன் பாரு, அதான் நான் செஞ்ச தப்பு."

ரொம்ப நேரம் கடலைத் தோலை உரித்துக்கொண்டே இருந்தாள். ஒன்றையும் வாயில் போடவில்லை.

"நீங்க நீலம்னதும் அந்த போலீசு என்னைப் பாத்து சரிதானாம்மான்னாரு. ஆமாங்கன்னேன். எனக்கும் தெரியாது அண்ணி."

எனக்கு அவளை நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது. இரண்டு மாசம் என்னை உயிரோடு தின்றாளே. எழுந்து போய் உலை வைத்தேன். இரண்டு பேருக்கு.

செப்டம்பர் 19

திரௌபதியைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் நசுங்குகிற மாதிரி ஒரு பிடி. விட்டுத் தொலையேன் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.