கந்தசட்டிக்குப் பிறகு பார்ப்போம் என்ற ஊசி

என் பாசமுள்ள அண்ணைக்கு,

உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் முதலில் சுகம் விசாரிக்கத்தான் கை போகிறது. விசாரிக்க மாட்டேன். நான் உங்களோடு கோபம். நீங்கள் போய் ஒன்பது மாதமாகியும் ஆறவில்லை. இஷொய் ஊரில் உங்கள் வீட்டுச் சுவரில் படமாகத் தொங்கிக்கொண்டு சிரிக்கிறீர்களே, அதைப் பார்த்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுபடி ஒக்டோபர் வந்துவிட்டது. குளிர்காலக் காய்ச்சலுக்குத் தடுப்பு ஊசி போட வரச்சொல்லி, நீங்கள் தனியே விட்டுப்போன மச்சாளின் டிஜிட்டல் போஸ்டுக்கு டேனிஷ் அரசாங்கக் கடிதமும் வந்துவிட்டது. போன வருடம் உங்களுக்கும் இதே கடிதம் வந்தது. இலவசம், மருந்துக்கடையிலேயே போடலாம் என்று உங்கள் மகன் வாசித்துச் சொன்னான். நான் வேலை முடிந்த கையோடு ஓடிவந்து, "வாங்கோ அண்ணை, காரிலை கூட்டிக்கொண்டு போறன்" என்றேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"நாளைக்குக் கந்தசட்டி தொடங்குது பிள்ளை. விரதத்தோடை ஊசி கீசி குத்தக்கூடாது. முடியட்டும், பாப்பம்."

எந்த ஐயர் சொன்னவர் அண்ணை? ஊசி மருந்து என்ன, சோறா கறியா, விரதம் முறிய?

விரதம் முடிந்தது. சூரன்போரும் பார்த்து வந்தீர்கள். பிறகு புரொண்பியில் கலியாண வீடு, கை நோவோடு எப்படிப் பந்தியில் பரிமாறுவது என்றீர்கள். அதுவும் முடிய, "போன வருசம் போட்டனான்தானே, அது கிடக்கும்" என்றீர்கள். கிடக்காது அண்ணை! அந்தக் கிருமி வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டு வரும். பழைய ஊசியின் பலமும் மெல்ல மெல்லக் குறைந்துவிடும். அதற்குத்தான் ஒவ்வொரு வருடமும் புது ஊசி. போட்ட உடனேயும் வேலை செய்யாது, உடம்பு ஆயத்தமாக இரண்டு கிழமை வேண்டும். நீங்களோ ஒவ்வொரு கிழமையாகத் தள்ளிக்கொண்டு போனீர்கள். முந்தி ஒருமுறை ஊசியால்தான் காய்ச்சல் வந்தது என்று ஒரு கதை வேறு. அதில் உயிருள்ள கிருமியே இல்லை. கை நோகும், ஒருநாள் உடம்பு உளையும், அவ்வளவுதான்.

தை மாதம் இருமத் தொடங்கினீர்கள். "இது வெறும் தடிமன், கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சாச் சரி." ஸ்கீவவில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலைக்கு நின்ற காலம் முழுக்க ஒருநாள்கூட வருத்த லீவு எடுக்காத மனிதர் அல்லவா! சீனி வருத்தம் இருப்பதும் மறந்துபோயிற்று. நாலாம் நாள் மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் நியூமோனியா என்றார்கள். ஒன்பதாம் நாள் நீங்கள் இல்லை.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் யென்ஸ் என்று ஒரு கிழவர் இருக்கிறார், எண்பத்தொன்பது வயது. ஒவ்வொரு வருடமும் ஊசி வேண்டாம் என்று முரண்டு பிடிப்பார். நான் விடுவேனா? இடுப்பில் கையை வைத்துக்கொண்டு டேனிஷில் நல்ல கிழி கிழிப்பேன். முணுமுணுத்துக்கொண்டே சட்டைக் கையை மடிப்பார். அவருக்கும் அதே தை மாதம் காய்ச்சல் வந்தது. ஊசி போட்டால் வரவே வராது என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் நாலு நாள் இருமிக்கொண்டு கிடந்தவர், ஐந்தாம் நாள் எழும்பிக் கோப்பி கேட்டார். உங்கள் செத்தவீடு முடிந்து வேலைக்குப் போன அன்று, அந்தப் பாவம் மனிதனுக்குக் கோப்பி கொடுக்கவே எனக்கு மனம் வரவில்லை.

ஊசி போட்டிருந்தால் நீங்கள் கட்டாயம் தப்பியிருப்பீர்களா? டொக்டரும் அப்படிச் சொல்லவில்லை. தப்ப ஒரு வழி இருந்தது, அதை நீங்கள் எடுக்கவில்லை. அதனால்தான் என் கோபம் ஆறவில்லை.

போன கிழமை காரோடு மச்சாளிடம் போனேன். அவவுக்குத் தொய்வு, நாலு படி ஏறினாலே மூச்சு முட்டும், உங்களுக்குத் தெரியாததா? சாமித் தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தவ, திரும்பிப் பாராமலே சொன்னா: "கந்தசட்டி முடியட்டும் வதனா."

அதே சொல்! எனக்கு வந்த விசருக்கு வீடே அதிரக் கத்தினேன். "என்ன மச்சாள், இன்னொரு செத்தவீட்டுக்கும் நான் வந்து நிக்கவேணுமோ? ஆறு நாள் விரதத்தைச் சாட்டி என்ரை அண்ணை போனது காணாதோ?"

மச்சாள் துணியைக் கீழே வைத்தா. கண் நிறைந்திருந்தது. "இந்தச் சத்தத்தைப் போன வருசம் அவருக்குப் போட்டிருக்கலாமே. நீர் கத்தியிருந்தா அவர் எழும்பி வந்திருப்பார்."

போன வருடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "சரி அண்ணை, உங்கட விருப்பம்" என்றேன். யென்ஸை அதட்டுகிற அதே வாய்தான். டேனிஷில் வருகிற சத்தம், தமிழில் உங்கள் முன்னால் வரவில்லை. மூத்தவரை எதிர்த்துக் கதைக்கக்கூடாது என்று பேசாமல் வந்துவிட்டேன். என்னை நானே மன்னிக்க முடியவில்லை அண்ணை.

மச்சாள் குளிர்க் கோட்டை மாட்டிக்கொண்டு காரில் வந்து ஏறினா. மருந்துக்கடையில் ஐந்து நிமிட வேலை. மூன்றாம் நாள் எனக்குப் போன் எடுத்தா. "கை நோவோடையே விரதம் பிடிச்சாச்சு வதனா. முருகன் ஒண்டும் சொல்லேல்லை."

போனை வைத்துவிட்டு உங்களை நினைத்து அழுதேன். முருகன் உங்களுக்கும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார் அண்ணை. சொல்லவேண்டியவள் நான்தான்.

இனி ஒவ்வொரு ஒக்டோபரும் உங்கள் வீட்டு வாசலில் கார்த் திறப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன். மச்சாள் விரதம் என்றாலும், கலியாணம் என்றாலும் கூட்டிக்கொண்டுதான் போவேன். தேவைப்பட்டால் கத்துவேன், நல்ல தமிழிலேயே.

உங்களுக்கு மட்டும் கத்தாமல் விட்ட,
உங்கட தங்கச்சி
வதனா